விரும்பித்தானே கையெழுத்து வெச்சவ?

வந்திருக்கிற பெரியாக்களுக்கும் புள்ளைகளுக்கும் வணக்கம்.

சுதந்திரம் எண்டா நமக்கு உடன ஞாபகம் வாறது பெப்ரவரி நாலாம் தேதியும் பள்ளிக்கூடத்துல கொடி ஏத்தினதும்தான். ஆனா 1948ல இலங்கை சுதந்திரமடைஞ்ச அதே வருசம் பிரஜாவுரிமைச் சட்டத்தக் கொண்டுவந்ததால மலையகத்துத் தோட்டத் தொழிலாளச் சனம் லட்சக்கணக்குல நாடில்லாத ஆக்களாப் போனாங்க. அப்ப அந்தச் சுதந்திரம் யார்ட? மறுகா வந்த அரசியலமைப்புல 14ம் உறுப்புரை பேசலாம், கூடலாம், நாடு முழுக்க நடமாடலாம் எண்டு சொல்லுது, யுத்த நேரம் சோதனைச் சாவடியில நாம பஸ்ஸால இறங்கி அடையாள அட்டையக் கையில புடிச்சிட்டு வரிசையில நடந்த காலத்துலயும் அது புத்தகத்துல அப்பிடியேதான் கிடந்தது.

வீட்டுலயும் இதுதான். மகன் ராவு பத்து மணிக்கு வந்தா சுதந்திரமா வளத்த புள்ள, மகள் கிளாஸ் முடிஞ்சு பத்து நிமிசம் பிந்தினா போன வாங்கிப் பாக்கிறம்.

தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல முந்தி களத்துல நெல் அளக்கக்குள்ள ஊருக்கு வேலை செய்த தொழிலாளிக்குக் குடுக்கிற பங்குக்கும் சுதந்திரம் எண்டுதான் பேர். சாதிக் கட்டோட வந்த வழக்கம்தான், ஆனாலும் அந்த அர்த்தம் எனக்குப் புடிக்கும், அதுல கைக்கு வந்து சேர்ற ஒண்டு இருக்கு.

எனக்குப் பெரிய கோவம் வாற இடம் நுண்கடன், ஏழைச் சனத்துக்குக் கம்பனிகள் குடுக்கிற சின்னக் கடன். எங்கட மச்சாள் ஒராள் குழுக்கடன் எடுத்தவ. ஒரு கிழமை கட்டுக்காசுல ஆயிரத்தி இருநூறு ரூவா குறைஞ்சிட்டு, குழுவுல ஒராள் கட்டாட்டி மத்தவங்களும் எழும்பேலாது, மாமரத்துக்குக் கீழ எல்லாரும் குந்திட்டு இருக்காங்க, காசு சேக்க வந்த பொடியன் கொப்பிய மடியில வெச்சிட்டு ஒண்டும் பேசாம இருக்கான். பள்ளிக்கூடம் விட்டு புள்ள வந்து பசிக்குது எண்டுது. மச்சாள் ரெண்டு தோட்டையும் கழட்டி கொப்பித்தாள்ல சுத்தி அடகு வைக்கக் குடுத்து விட்டா.

கேட்டா, கடன் குடுத்த கம்பனிக்காரங்க "நாங்க கட்டாயப்படுத்தல்ல, அவ விரும்பித்தானே கையெழுத்து வெச்சவ" எண்டு சொன்னாங்க. புருசனுக்குத் தொழில் இல்ல, வீட்டுல அரிசி இல்ல, வங்கியில பிணைக்கு வேற ஆள் கேக்கான். மாட்டன் எண்டு சொல்ல அவக்கு எந்த வழி இருந்த? அந்தக் கையெழுத்தச் சுதந்திரம் எண்டு சொல்லுறவங்களோட நான் சண்டைக்குத்தான் நிப்பன்.

2018ல வறட்சி மாவட்டங்கள்ல ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனுகளுக்கு அரசாங்கம் நிவாரணம் குடுத்தது. மச்சாள்ட கடன் அதவிடக் கூட. தோடு ஏலத்துல போயிட்டு.