எடையை விடுங்கள், உயரத்தை அளவிடுங்கள்

வணக்கம். நெருங்கியவர் யாராவது ஐ.சி.யூ.வில் இருந்தபோது கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்திருப்பீர்கள். திரையில் ஓடும் கோடுகள், விட்டுவிட்டு ஒலிக்கும் அலாரம். அந்தத் திரை எண்களைக் காட்டும். அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லாது. அதையும் சொல்லும் கணினியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ஓர் எடுத்துக்காட்டு. நோயாளிக்காக மூச்சு விடும் கருவியான வென்டிலேட்டர் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்றைச் செலுத்த வேண்டும்? இங்கே நோயாளியின் எடையைப் பார்க்கக் கூடாது, உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. 165 செ.மீ. உயரமுள்ள ஓர் ஆண், எடை 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய உயரத்துக்கு உரிய எடை சுமார் 61 கிலோதான். ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 6 மில்லி லிட்டர் காற்று என்றால் 370 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. 90 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 540 மில்லி! ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலை அது இன்னும் புண்படுத்தக்கூடும்.

2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அதிகக் காற்று எவ்வளவு கேடு என்று காட்டியது. ஏ.ஆர்.டி.எஸ். என்ற கடும் நுரையீரல் பாதிப்புள்ள 861 பேர். கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி கொடுத்தவர்களில் 31 சதவீதம். புது மருந்து எதுவுமில்லை, காற்றைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

சரி, தெரிந்த விஷயம்தானே, எல்லா இடத்திலும் நடக்கிறதா? 50 நாடுகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், இந்தப் பாதிப்பு இருந்த 10 பேரில் 4 பேருக்கு அதை மருத்துவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. அக்கறை இல்லாமல் அல்ல. ரத்த முடிவு ஓரிடத்தில், எக்ஸ்ரே ஓரிடத்தில், நடுராத்திரி, பக்கத்துப் படுக்கையில் அவசரம். இவற்றைச் சலிக்காமல் சேர்த்துப் பார்ப்பது கணினியால் முடியும்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1980-களிலேயே, கணினி ஆலோசனை சொல்லும் இந்த முறையைத் தொடங்கிவிட்டார்கள். 'ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கட்டும்' என்றால் கணினிக்குப் புரியாது. எவ்வளவு என்று எண்ணாகச் சொல்ல வேண்டும். அதனால் மருத்துவர்கள் உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு விதியையும் எண்ணில் எழுதினார்கள். ஆலோசனை பொருந்தாவிட்டால் மறுக்கும் உரிமை மருத்துவரிடமே இருந்தது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனால் மறுபடியும் சொல்கிறேன், உயரம்! படுத்திருப்பவரை டேப் வைத்து அளக்காமல் கண்மதிப்பில் ஓர் எண்ணைப் பதிந்தால், எந்தக் கணினியும் தவறான காற்றைத்தான் சொல்லும்.

நேரம் முடிகிறது என்கிறார்கள். தானாகவே அளவை மாற்றிக்கொள்ளும் வென்டிலேட்டர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். ஒன்று மட்டும்: ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலே ஆக்சிஜன் எண் சரிந்துவிடும். கணினி அதை நம்பிவிடலாம். அருகில் இருக்கும் செவிலியர் விரலைப் பார்ப்பார். அவரை அங்கிருந்து நகர்த்தாதீர்கள். நன்றி, வணக்கம்.