கை தானாகத் தட்டியதாம், அவன் தட்டவில்லையாம்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் போட வேண்டியது மாடித்தோட்ட வீடியோ, தெரியும். ஆனால் ட்ரைபாட் உடைந்துவிட்டது, ஃபோன் அரிசி டப்பாமேல் சாய்ந்து நிற்கிறது, அதனால்தான் என் தலை பாதி வெட்டுப்படுகிறது. போன மாதம் வாங்கினேனே, அதே ட்ரைபாட்! 1,450 சொன்னதை 1,180-க்கு இறக்கிவிட்டு எவ்வளவு குதித்தேன் என்று அந்த வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உடைத்தது அக்கா பையன். கேட்டால், "நான் தட்டல சித்தி, கை தானா தட்டிடுச்சு" என்கிறான்.

கோபத்தோடு சிரிப்பும் வந்தது, ஏனென்றால் இதை ஆய்வுக்கூடத்திலேயே சோதித்திருக்கிறார்கள். 1983-இல் பெஞ்சமின் லிபெட் என்ற மூளை ஆய்வாளர், சான் பிரான்சிஸ்கோவில். தோன்றும்போது மணிக்கட்டை அசையுங்கள், எப்போது தோன்றியது என்று மட்டும் கடிகார முள் மாதிரி சுற்றும் ஒரு புள்ளியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கை அசைவதற்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே மூளையில் ஒரு மின் அலை ஏறத் தொடங்கிவிட்டது, 'அசைப்போம்' என்று ஆளுக்குத் தோன்றியதோ 200 மில்லிநொடி முன்னால்தான். உடனே சுய விருப்பமே கிடையாது, யாரையும் குறை சொல்ல முடியாது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.



லிபெட்டே அப்படிச் சொல்லவில்லை, கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்று நிறுத்த முடியும் என்றார். 2012-இல் ஆரன் ஷுர்கர் என்ற இன்னொரு மூளை ஆய்வாளரின் குழு, அந்த அலை முடிவே இல்லை, மூளையில் சும்மா ஏறி இறங்கும் இரைச்சல் ஒரு எல்லையைத் தொடுவதுதான் அப்படித் தெரிகிறது என்று விளக்கியது. அதுவும் போக, காரணமே இல்லாமல் மணிக்கட்டை ஆட்டுவதெல்லாம் ஒரு முடிவா?

சரி, நம்ம ஆளுக்கு வருகிறேன். ட்ரைபாடின் உடைந்த காலை சோஃபா அடியில் தள்ளி, மேலே பேப்பர் போட்டு மூடி, கதவையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். கை தானாகவே தட்டியிருக்கட்டும், பேப்பரைத் தேடி எடுத்து வந்தது யார்? கேட்டேன். முழித்தான்.

அப்புறம் மெதுவாக, "நீங்க பரோட்டா பொட்டலத்தைக் குப்பைத்தொட்டி அடியில ஒளிச்சீங்களே, அது பாட்டிக்குத் தெரியுமா?" என்றான். ராத்திரி பரோட்டா கிடையாது என்று உங்கள் முன்னால் சபதம் எடுத்தவள் நான், அதை நீங்களும் கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

ட்ரைபாட் விலையில் பாதி, 590, அவன் உண்டியலிலிருந்து எடுப்பதாக இருந்தேன். இப்போது 200-இல் நிற்கிறது, இன்னும் இறக்கச் சொல்கிறான்.