சிறிய நாட்டால் முடியும்: பின்லாந்து சாட்சி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வலிய அண்டை நாடு படையெடுத்து வந்தால் சிறிய நாட்டால் எதிர்த்து நிற்க முடியுமா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் வந்ததும் டென்மார்க்கை எடுத்தார். 1940 ஏப்ரல் 9 விடிகாலையில் ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாச் சிறிய நாட்டாலும் எப்போதும் முடியும் என்று எங்கள் அணி சொல்லவே இல்லையே! முடியும் என்று ஒரு நாடு செய்து காட்டியிருந்தால் எங்களுக்கு அது போதும்.

அந்த நாடு பின்லாந்து. 1939-ல் அங்கே இருந்தவர்கள் சுமார் 37 லட்சம் பேர். பக்கத்தில் சோவியத் யூனியனில் சுமார் 17 கோடிப் பேர். அந்த ஆண்டு அக்டோபரில் ஸ்டாலின் பின்லாந்துத் தூதுக்குழுவை மாஸ்கோவுக்கு வரவழைத்தார். எங்கள் லெனின்கிராடு நகரம் உங்கள் எல்லையிலிருந்து 32 கிலோமீட்டர்தான், எங்களுக்குப் பாதுகாப்பு இல்லை, எல்லையைத் தள்ளி வையுங்கள், பின்லாந்து வளைகுடாத் தீவுகளைக் கொடுங்கள், ஹான்கோ துறைமுகத்தைக் கடற்படைத் தளத்துக்குக் குத்தகைக்கு விடுங்கள் என்றார். பதிலுக்கு வடக்கே இரண்டு மடங்கு நிலம் தருகிறேன் என்றார். எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் இதைத்தான் "நல்ல பேரம், வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்" என்றார்.

அம்மா, பேரம் பேச வந்தவர் அடுத்து என்ன செய்தார் என்பதையும் சொல்லியிருக்கலாம். நவம்பர் 30 அன்று படை எல்லையைத் தாண்டியது, ஹெல்சிங்கி மீது குண்டு விழுந்தது. மறுநாளே எல்லையோரத்து டெரியோக்கி ஊரில் ஓர் "அரசு" முளைத்தது. அதன் தலைவர் ஓட்டோ குசினென், 1918-ல் மாஸ்கோவுக்கு ஓடிப்போன பின்லாந்துக் கம்யூனிஸ்ட். பின்லாந்தின் உண்மையான அரசு இதுதான் என்று சொல்லி, அதோடு ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள். எல்லைக் கல்லை நகர்த்த வந்தவர் கையோடு ஒரு மந்திரிசபையையும் ஏன் கூட்டி வருகிறார்? முழு வீடும் வேண்டும் என்பதால்தானே!

ஸ்டாலினின் கணக்கு முட்டாள்தனமானது என்று நான் சொல்ல மாட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன், 1918-ல், அதே நாட்டின் உள்நாட்டுப் போரில் தொழிலாளர் பக்கத்துச் சிவப்பர்களும் அரசுப் பக்கத்து வெள்ளையர்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மாண்டார்கள். சில மாதங்களிலேயே முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாவு, அதில் பெரும்பகுதி தோற்ற சிவப்புப் பக்கம், கைதி முகாம்களில் பட்டினியால் செத்தவர்களும் சேர்த்து. அப்படிப்பட்ட நாட்டின் தொழிலாளியும் குத்தகை விவசாயியும் சோவியத்தின் செம்படையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று யாருமே நினைப்பார்கள்.

திறக்கவில்லை. ஏன்? எதிரணி பனியைச் சொன்னது, காட்டைச் சொன்னது, ஏரிகளைச் சொன்னது. நான் நிலச் சட்டத்தைச் சொல்கிறேன். உள்நாட்டுப் போர் நடந்த 1918-லேயே குத்தகைக்காரர் தான் உழும் நிலத்தை விலைகொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளச் சட்டம் வந்தது. 1922-ல் நிலமில்லாதவர்களுக்கும் நிலம் கிடைக்க இன்னொரு சட்டம் வந்தது. முன்னின்று அதைக் கொண்டுவந்தவர் கியோஸ்தி கல்லியோ என்ற விவசாயி அரசியல்வாதி, அவர் பெயராலேயே அது கல்லியோ சட்டம் ஆயிற்று. தோற்ற பக்கத்துச் சமூக ஜனநாயகக் கட்சி மறுபடி தேர்தலில் நின்றது, ஜெயித்தது, 1937 முதல் விவசாயிகள் கட்சியோடு சேர்ந்து ஆட்சியிலும் அமர்ந்தது. 1939-ல் போர் வந்தபோது குடியரசுத் தலைவர் யார் தெரியுமா? அதே கல்லியோ. போர் தொடங்கிய மறுநாள் அமைந்த அரசில் வெளியுறவு அமைச்சர்? சமூக ஜனநாயகத் தலைவர் வைனோ தன்னர். ராணுவத் தளபதி? 1918-ல் வெள்ளைப் படையை நடத்திய மன்னர்ஹெய்ம், அப்போது வயது 72. சிவப்பன் மகனும் வெள்ளையன் மகனும் ஒரே பதுங்குகுழியில் நின்றார்கள். 1940 ஜனவரியில், போர் நடுவிலேயே, முதலாளிகள் சங்கம் தொழிற்சங்கங்களைப் பேச்சுவார்த்தைக்குரிய தரப்பாக ஏற்றுக்கொண்டது. குசினெனுக்கு ஆளே சேரவில்லை. பீரங்கி, டாங்கி எல்லாம் இதற்கு அப்புறம்தான் நடுவர் அவர்களே.

பனியைப் பற்றிக் கேட்டார்கள், அதற்கும் வருகிறேன். பனி இரண்டு பக்கமும்தானே பெய்தது? சுவோமுஸ்சால்மி பகுதியில் ராத்தே சாலை என்று ஒன்று, காட்டுக்கு நடுவே ஒற்றைப் பாதை. உக்ரைனிலிருந்து கொண்டுவரப்பட்ட சோவியத்தின் 44-வது டிவிஷன் அந்தப் பாதையில் டாங்கியும் லாரியுமாகக் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடந்தது. காட்டுக்குள் இறங்கத் தெரியாது, பனிச்சறுக்குப் பழக்கம் இல்லை. பின்லாந்துக்காரர்கள் வெள்ளைப் போர்வையில் சறுக்குக் கட்டைகளில் வந்து அந்த வரிசையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். நடமாடும் சமையல் வண்டிகளைக் குறிவைத்துச் சுட்டார்கள். அந்தக் குளிரில் சூடான சோறு இல்லாத சிப்பாய் எத்தனை நாள் நிற்பான்? ஜனவரி முதல் வாரத்தில் அந்த டிவிஷன் சிதறிப்போனது. தப்பிவந்த அதன் தளபதியை மாஸ்கோவே சுட்டுக்கொன்றது.

டாங்கியை நிறுத்தப் போதுமான பீரங்கி இல்லை. என்ன செய்தார்கள்? பெட்ரோல் கலவையைப் பாட்டிலில் அடைத்து எறிந்தார்கள். லட்சக்கணக்கில் அடைத்துக் கொடுத்தது ராயமாக்கியில் இருந்த அரசு மதுபான நிறுவனத்தின் ஆலை. அரசே மது விற்பது என்றால் என்ன என்று இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்தப் பாட்டிலை இவ்வளவு உருப்படியாகப் பயன்படுத்திய ஊரை மட்டும் நான் வேறெங்கும் கேள்விப்படவில்லை.

சரி, கடைசியில் என்ன ஆயிற்று? மறைக்க மாட்டேன். பிப்ரவரியில் சோவியத் தளபதி திமோஷென்கோ தலைமையில் புதுப்படையும் பெரும் பீரங்கிகளும் வந்தன, சும்மா என்ற இடத்தில் தற்காப்பு வரிசை உடைந்தது. மார்ச் 13-ல் 105 நாள் போர் நின்றது. நாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நிலம் போனது, வீபுரி நகரம் போனது, பறிபோன கரேலியா பகுதி மக்கள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வந்தார்கள். 25,000-க்கும் அதிகமான வீரர்கள் இறந்தார்கள். முதலில் கேட்டதைவிட அதிகமாகவே பறிகொடுத்தார்கள். சமாதானத்துக்குச் சம்மதம் தரும் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது கல்லியோ, இப்படிப்பட்ட காகிதத்தில் கையெழுத்திடும் கை வாடிப்போகட்டும் என்றார். சில மாதங்களில் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை செயலிழந்தது.

ஆனால் அந்தச் சமாதானத்தை மாஸ்கோ யாரோடு பேசியது? ஹெல்சிங்கி அரசோடு. குசினென் அரசைச் சத்தமில்லாமல் கலைத்துவிட்டார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பலிகொடுத்த பிறகு, முழுதாக விழுங்குவது கட்டுப்படியாகாது என்று பெரியவருக்குப் புரிந்தது. பெரிய நாட்டை மண்டியிட வைக்க முடியாது, அதை நான் ஒருபோதும் சொல்லவில்லை. விழுங்குவதற்கு ஆகும் விலையை ஏற்ற முடியும். எதிர்த்து நிற்பது என்று நான் சொல்வது அதைத்தான்.

1941-ல் பின்லாந்து ஹிட்லரோடு சேர்ந்து போருக்குப் போனதே என்று கேட்பார்கள். போனது. அந்தக் கறையை இந்த மேடையில் நான் துடைக்கப் போவதில்லை. 1944 கோடையில் மறுபடி சோவியத் பெரும்படை வந்தது, தாலி-இகந்தாலா என்ற இடத்தில் அதைத் தடுத்து நிறுத்தினார்கள். ஜெர்மன் ஆயுதமும் அங்கே உதவியது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். போரை நிறுத்தும்போது மாஸ்கோ 30 கோடி டாலர் இழப்பீடு விதித்தது, பின்லாந்துக்காரர்கள் கப்பலாகவும் இயந்திரமாகவும் 1952-க்குள் கட்டி முடித்தார்கள். நாடு மட்டும் ஆக்கிரமிக்கப்படவில்லை, தேர்தல் முறை அழியவில்லை.

நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார், ஒரே ஒரு விஷயம். கேட்டதைக் கொடுத்திருக்கலாம் என்றாரே அம்மையார், கொடுத்த நாடு ஒன்று இருக்கிறது. ஹெல்சிங்கிக்கு எதிரே எண்பது கிலோமீட்டர் கடல் தாண்டினால் எஸ்தோனியா. 1939 செப்டம்பர் 28-ல் மாஸ்கோ கேட்ட ராணுவத் தளங்களுக்குக் கையெழுத்துப் போட்டது, ஒரு குண்டும் சுடவில்லை. 1940 ஜூனில் நாடு முழுக்கச் சோவியத் படை, ஆகஸ்டில் நாடே சோவியத் குடியரசு, 1941 ஜூனில் ஒரே வாரத்துக்குள் ஏறக்குறைய பத்தாயிரம் பேரை ரயிலேற்றி நாடுகடத்தினார்கள். கையெழுத்துக்குச் சம்மதித்த குடியரசுத் தலைவர் பேட்ஸ் ரஷ்யாவில் மனநல மருத்துவமனையில் இறந்தார். விடுதலை திரும்ப 1991 ஆயிற்று. இழப்பீட்டைக் கட்டி முடித்த அதே 1952-ல் பின்லாந்து ஒலிம்பிக் நடத்தியது. சோவியத் அணி விருந்தாளியாக வந்தது. அதில் மல்யுத்தத் தங்கம் வாங்கிய யோகன்னஸ் கோட்காஸ் எஸ்தோனியாக்காரர். மேடையில் ஏறியது சோவியத் கொடி.

இந்த இரண்டில் எது நல்ல பேரம் என்று எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் வந்து சொல்லட்டும். நன்றி, வணக்கம்.