கைப்பேசியை எறியச் சொன்ன எதிரணிக்கு

நடுவர் அவர்களுக்கும் பினாங்கு மக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே வருகிறேன்.

கனிமத் தொழில் ஊரை வாழவைக்கிறது என்று பேசிய எதிரணிச் சகோதரி, "கைப்பேசியைக் கடலில் எறிந்துவிட்டு வந்து பேசுங்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். கைப்பேசிக்குக் கனிமம் வேண்டும்தான், எறிய மாட்டோம் அம்மா! கனிமமே வேண்டாம் என்று எங்கள் அணியில் யார் சொன்னார்? சரக்கை எடுத்துக்கொண்டு கழிவை யார் வாசலில் கொட்டினீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஈப்போ பக்கம் புக்கிட் மேராவுக்கு வாருங்கள். ஈய லம்பத்தில், அதாவது வெள்ளீயச் சுரங்கத்தில், ஈயத்தை அலசி எடுத்தபின் தங்குகிற கனத்த மணல் அமாங். அதிலிருந்து மோனசைட் என்ற தாதுவைப் பிரித்து, கைப்பேசி போன்ற கருவிகளுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்களை எடுக்கும் ஆலை 1982-இல் அங்கே ஓடத் தொடங்கியது. எடுத்தது விற்பனைக்குப் போனது. ஊருக்குத் தங்கியது தோரியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் வீரியம் பாதியாகவே 1,400 கோடி ஆண்டு பிடிக்கும். 1,400 நாள் இல்லை, 1,400 வருஷம் இல்லை நடுவர் அவர்களே, 1,400 கோடி வருஷம்!

1985-இல் ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். வாதாடியவர் நம் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் மீனாட்சி ராமன். 1987-இல் அரசு பலரை விசாரணையின்றிக் கைது செய்த ஓப்பராசி லாலாங்கில் அவரையே பிடித்து உள்ளே வைத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஊர் விடவில்லை, 1994-இல் ஆலை மூடியது.

மூடியதோடு முடிந்ததா? கழிவைப் புதைக்க ஒரு குன்றின் தலையையே சீவினார்கள். உள்ளே வைத்து, மேலே 20 அடிக்கும் அதிகமாகக் களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். செலவு 10 கோடி அமெரிக்க டாலர். மறுபடி சொல்கிறேன், 20 அடி! ஆபத்தில்லாத பொருளுக்கா அம்மா இத்தனை கனத்தில் மூடி? அதே கழிவுதானே முன்னே மக்கள் குடியிருப்பை ஒட்டிக் கிடந்தது?

ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட்டுக்காக மலையைக் கேட்டபோது, இந்திய உச்ச நீதிமன்ற உத்தரவால் 2013-இல் 12 கிராம சபைகள் கூடின. அந்த மலையில் வாழும் டோங்ரியா கோந்து பழங்குடி மக்கள் பன்னிரண்டிலும் மறுத்தார்கள். புக்கிட் மேராவில் ஆலை வருமுன் யாரைக் கேட்டீர்கள்?

எட்டுப் பேருக்கு ரத்தப் புற்றுநோய், ஏழு பேர் போய்விட்டார்கள் என்று அந்த ஊர் கதறியது. எங்களால் இல்லை என்றது ஆலை. தாய்மார்களே, சீனத் தாயானாலும் தமிழ்த் தாயானாலும் பெற்ற வயிறு ஒன்றுதானே? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவளிடம் எந்த ஏற்றுமதிக் கணக்கை நீட்டுவீர்கள்? அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு எதிரணி அடுத்த பேச்சாளரை அனுப்பட்டும். நன்றி, வணக்கம்!