ஆடிய காலா? கல்லாப் பெட்டியா?

நடுவர் அவர்களே, வணக்கம். 'பதியா மசாப்னியை நிலைநிறுத்தியது நடனமா, தொழில் திறமையா?' என்பது தலைப்பு. நடனமே என்று எதிரணித் தம்பி பத்து நிமிடம் முழங்கினார். ஆடிக் காட்டாததுதான் பாக்கி!

டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவுக்குப் பிழைக்க வந்தவர் பதியா. பெல்லி டான்ஸ் ஆடினார், பாடினார், நாடகத்தில் நடித்தார். நான் மறுக்கவில்லை. ஆனால் 1926-இல் இமாதுத்தீன் தெருவில் தன் பெயரிலேயே அரங்கம் திறந்தாரே! தடுக்கி விழுந்தால் நாடகக் கொட்டகையில்தான் விழவேண்டும், அப்படிப்பட்ட தெரு. அங்கே போய்ப் பெண்களுக்கென்று தனிக்காட்சி வைத்தார். ஊரில் பாதிப்பேர் பெண்கள், அவர்களை வாசலோடு நிறுத்தினால் பாதிக் கல்லா காலி. இந்தக் கணக்கு இடுப்புக்கு வருமா ஐயா?

"ஆட்டத்தையே மாற்றியவர், அது கலையில்லையா?" என்றார் எதிரணி அம்மா. ஏன் மாற்றினார்? கல்யாண வீட்டுக் கூடத்தில் ஒரே இடத்தில் நின்று ஆடினால் போதும். பெரிய மேடையில் அது எடுபடாது. அதனால் கைகளை உயர்த்தி, மேடை முழுக்க நகர்ந்து, பின்னால் ஒரு குழுவோடு ஆட வைத்தார். கடைசி வரிசைக்காரனும் காசு கொடுத்தவன்தானே!

தஹியா கரியோக்கா, சாமியா கமால். எகிப்திய சினிமாவையே ஆட்டிவைத்த இந்த இருவரும் பதியாவின் மேடையில் வளர்ந்தவர்கள். தன்னைவிடப் பேர் வாங்கப்போகிறவளை எந்த ஆட்டக்காரி மேடையேற்றுவாள்? முதலாளிதான் ஏற்றுவார்.

"வரித் தொல்லையில் நாட்டைவிட்டே போனாரே, இதுவா திறமை?" என்று தம்பி மடக்கினார். தம்பி, வரிக்காரன் சலங்கையைத் தேடியா வருவான்? கல்லாவைத் தேடித்தான் வருவான். என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். லெபனானுக்குப் போன அந்த அம்மா அங்கும் சும்மா இருக்கவில்லை. பண்ணை வைத்தார், கடை போட்டார்.

நைல் கரையில் அவருடைய கோடைக்கால அரங்குக்குப் பக்கத்தில் ஒரு பாலம். அந்தக் காலத்தில் ஏட்டில் அது ஆங்கிலேயர் பாலம், ஜனங்கள் வாயில் 'பதியா பாலம்'. நம்ம ஊரில் தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி இருபது வருஷம் ஆனாலும், கண்டக்டர் அந்தத் தியேட்டர் பெயரைச் சொல்லித்தானே விசில் கொடுக்கிறார்? அந்த ஸ்டாப்பிங்கில் யாராவது கதாநாயகி பெயரைச் சொல்லி டிக்கெட் எடுத்திருக்கிறோமா, நடுவர் அவர்களே?