7 நாள், 14 நாள், 21 நாள்

வெளிநாட்டு விமானத்தில் பெட்டியோ சரக்கோ கெட்டால் எத்தனை நாளுக்குள் புகார் எழுத வேண்டும் என்று கிருஷ்ணகிரியில் ஒரு சின்னக் கூட்டத்தில் பேசியது இது. வர முடியாதவர்கள் கேட்டதால் கிட்டத்தட்ட பேசியபடியே எழுதியிருக்கிறேன்.

எல்லாருக்கும் வணக்கம். முன்னால் ஓசூர், தளி, பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறவர்கள் இருக்கிறீர்கள், பின்னால் பிள்ளைகளைத் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் அனுப்பிவிட்டு வந்திருக்கும் அம்மா அப்பாக்கள். பூவுக்கும் சரி, பிள்ளைக்கும் சரி, விமானம் ஏறி நாடு தாண்டினால் ஒரே சட்டம்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்தது. அக்கா மகன் ரெண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்தான். பெல்ட்டில் சூட்கேஸ் வரும்போதே ஒரு சக்கரம் இல்லை. அவனுக்கு அம்மாவைப் பார்க்கிற அவசரம், அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். காவேரிப்பட்டினம் வந்து திறந்தால் தண்ணீர் இறங்கித் துணியெல்லாம் பாழ், ஆசையாக வாங்கி வந்த மிக்ஸி உடைந்து கிடக்கிறது. விமானக் கம்பெனிக்குப் போன் போட்டான், பார்க்கிறோம் என்றார்கள், மறுபடியும் போட்டான், மறுபடியும் பார்க்கிறோம். என்னிடம் வந்தபோது 11ஆம் நாள், எழுத்தில் ஒரு வரி கூட இல்லை. நான் அனுப்பிய நோட்டீசுக்கு ரெண்டே வரியில் பதில் வந்தது: 7 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான புகார் தரப்படவில்லை. சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இந்த நாள் கணக்கு புதிதல்ல. 1929ல் வார்சாவில் போட்ட ஒப்பந்தத்தில் பெட்டி சேதமானால் 3 நாள்தான் கொடுத்திருந்தார்கள். 1955ல் ஹேக்கில் அதைத் திருத்தி 7 நாள் ஆக்கினார்கள், சரக்குக்கு 14 நாள், தாமதத்துக்கு 21 நாள். 1999ல் மாண்ட்ரியலில் புது ஒப்பந்தம் வந்தபோதும் இந்த எண்கள் மாறவில்லை. 2009ல் இந்தியா அதில் சேர்ந்து, 1972ஆம் வருடத்து விமானப் போக்குவரத்துச் சட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டது. ஆகவே இது எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிற காகிதம் என்று நினைக்காதீர்கள், நம் ஊர்ச் சட்டம்.

பெட்டி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். உடைசல் தெரிந்தால் அங்கேயே கவுண்டரில் பி.ஐ.ஆர் என்கிற பெட்டிப் புகார்ப் படிவம் எழுதி வாங்குங்கள், அதோடு நிற்காமல் வீட்டுக்கு வந்து தனியாக ஒரு மெயிலும் அனுப்புங்கள். பெட்டி வரவே இல்லையா, 21 நாள் கழிந்தால் தொலைந்ததாகவே வைத்துக்கொண்டு நஷ்டம் கேட்கலாம். வழக்குப் போட 2 வருடம், அது தாண்டினால் உரிமையே போய்விடும்.

எவ்வளவு கிடைக்கும்? 2024 டிசம்பர் 28 முதல் ஒப்பந்தத்தின் உச்சவரம்பு பயணியின் பெட்டிக்கு 1,519 எஸ்.டி.ஆர், சரக்குக்குக் கிலோவுக்கு 26. எஸ்.டி.ஆர் என்பது டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஐந்தையும் கலந்து சர்வதேச நிதியம் போடும் கணக்கு, ஒன்று நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல் வரும். அதைவிட மதிப்புள்ள பொருள் என்றால் ஒப்படைக்கும்போதே மதிப்பை எழுதிக் கொடுத்து, கூடுதல் கட்டணம் கேட்டால் அதையும் கட்டிவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று, சொல்லவே மனசு வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் விழுந்து 158 பேர் போனார்கள். உயிரிழப்புக்கு இன்று 1,51,880 எஸ்.டி.ஆர் வரை எங்கள் மேல் தப்பில்லை என்று கம்பெனி வாதாட முடியாது. ஆனால் அந்தத் தொகை தானாக வீட்டுக்கு வராது, எவ்வளவு நஷ்டம் என்று குடும்பம்தான் காட்ட வேண்டும். மங்களூர்க் குடும்பங்கள் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பிள்ளையின் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், ரெண்டின் நகலும் வீட்டில் இருக்கட்டும்.

வழக்கை எங்கே போடுவது என்று பயப்பட வேண்டாம். 2011ல் உச்ச நீதிமன்றம் ஒரு சரக்கு வழக்கில் நுகர்வோர் மன்றமும் இந்தச் சட்டத்துக்கு நீதிமன்றம்தான் என்று சொல்லிவிட்டது. போக வர டிக்கெட்டை இங்கிருந்து எடுத்திருந்தால் சட்டத்தின் பார்வையில் போய்ச் சேரும் இடமும் நம் நாடுதான், துபாய் இல்லை, அதனால் வழக்கை இங்கேயே போடலாம்.

ரயிலில் இப்படி உண்டா என்று ஒரு தம்பி கேட்டார். ஐரோப்பாவில் 1893 முதலே பல நாடு தாண்டும் சரக்குக்கு ஒரே சீட்டு, ஒரே சட்டம். இந்தியா அந்த அமைப்பில் இல்லை. வங்கதேசம், நேபாளம் என்று ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகப் பேசித்தான் ரயில் விடுகிறோம், உறவு கெட்டால் ரயிலும் நின்றுவிடும். கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் நடுவே 2008ல் தொடங்கிய மைத்ரி, 2024 ஜூலையில் நின்றது. கிருஷ்ணகிரிக்கே ரயில் வரட்டும், அப்புறம் அதை விரிவாகப் பேசலாம்.

இப்போது பூ. ஓசூரிலிருந்து தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையம் வரை லாரியில் போகிற நேரம் பொதுவாக இந்தச் சட்டத்துக்குள் வராது. அத்திப்பள்ளி நெரிசலில் வாடினால் அது லாரிக்காரரோடு பேச வேண்டிய விஷயம். விமானக் கம்பெனி கையில் கொடுத்த பிறகுதான் அவர்கள் பொறுப்பு, அதனால் கொடுக்கும்போது பெட்டி நன்றாக இருந்தது என்பதற்கு ஏர்வே பில் என்கிற விமானச் சரக்குச் சீட்டும் நேரத்தோடு போட்டோவும் வேண்டும். வாடியது சேதமா தாமதமா என்று அவர்கள் சண்டை போடுவார்கள், நீங்கள் குறைவான 14 நாளையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஓர் அக்கா எழுந்து கேட்டார்: “பூ சிங்கப்பூர்ல வாடிக் கிடக்குன்னு வாங்கினவரு வாட்ஸ்அப்ல போட்டோ போட்டாரு சார், அது போதாதா?” போதாது அக்கா. அந்தப் போட்டோ உங்களுக்கு வந்தது, விமானக் கம்பெனிக்குப் போகவில்லை. புகார் எழுத வேண்டியது அங்கே சரக்கை எடுக்கிறவர். அடுத்த லோடு ஏற்றும் முன்னே அவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள், மெயில் போனதும் ஒரு நகல் உங்களுக்கும் வரட்டும்.