தூக்கம் குறைந்தது என்றார் பெரியவர்

(கேரளத்தின் தேயிலைத் தோட்ட ஊரான வண்டிப்பெரியாற்றில் செவிலியர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை அணிசெய்யும் மருத்துவ அலுவலர் அவர்களே, ஊராட்சி உறுப்பினர்களே, கடந்த ஆண்டும் எனக்கு இதே இருக்கையைத் தந்து பெருமைப்படுத்திய தோட்டத் தொழிற்சங்கப் பொறுப்பாளர்களே, பசுமலையிலிருந்தும் வள்ளக்கடவிலிருந்தும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நோயாளியின் தூக்கத்தையும் புலன்களையும் செவிலியர் மதிப்பிடுவது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கேட்பது, பார்ப்பது, பதிவது என மூன்று பகுதிகளாகப் பேச எண்ணியிருக்கிறேன். தலைவர் அவர்கள் இப்போதே மணியின்மேல் கை வைத்துவிட்டதால், முதற்பகுதியை உடனே தொடங்குகிறேன்.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார் என் பாட்டி. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்த எனக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து அந்த ஒரு பழமொழிதான்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், தேயிலை ஆலையின் உருளை இயந்திரத்தருகே வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவர், இதயம் பலவீனமாகி, கால் வீங்கிச் சேர்க்கப்பட்டிருந்தார். கோட்டயத்திலிருந்து புதிதாக வந்திருந்த இளம் செவிலி, 'எந்துண்டு அப்பச்சா விசேஷம்?' என்று அன்போடு கேட்டாள். 'தூக்கம் கொறஞ்சு போச்சு, சிஸ்டர்' என்றார் அவர். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. அவள் அவரை எடை இயந்திரத்தில் ஏற்றினாள். முந்தைய நாளைவிட அரை கிலோ குறைந்திருந்தது. நீர் பிரியும் மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் ஏது? 'நன்னாயி, அப்பச்சா!' என்று மகிழ்ந்து குறித்துக்கொண்டாள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே மகிழ்ச்சி. மூன்றாம் நாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'ராத்திரி முச்சூடும் கண்ணு மூடலைங்கறேன், இந்தப் புள்ள கை தட்டுதே, தாயி!' என்று கலங்கினார். விசாரித்தபோதுதான், மாத்திரையின் இரண்டாம் வேளை இரவு எட்டு மணிக்குத் தரப்படுவதும், அவர் விடியும்வரை கழிப்பறைக்கு நடந்துகொண்டிருந்ததும் தெரிந்தது. மருத்துவரிடம் சொன்னோம்; அவர் அந்த வேளையைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றினார். அன்றிரவு பெரியவர் விட்ட குறட்டையில் அடுத்த கட்டில்காரர் தூங்கவில்லை என்பது வேறு கதை.

அந்தப் பெண்ணை நான் குறைகூற மாட்டேன்; அவள் கேட்டாள், எழுதினாள், எடையும் பார்த்தாள். வாயுள்ள பிள்ளைதான் அந்தப் பெரியவரும். ஆனாலும் மூன்று இரவு பிழைக்கவில்லை. 'மயக்கம்' என்ற சொல்லும் இப்படித்தான்: நமக்கு அது தலைசுற்றல், மலையாளத்தில் கண்ணயர்வு. தலை சுற்றுவதை மயக்கம் என்று சொன்னவரை அரைத்தூக்கத்தில் இருப்பவராகப் பதிந்தால், அவர் எழுந்து விழும்போதுதான் பிழை தெரியும்.

எப்போது படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எதனால் விழித்தீர்கள், குறட்டை உண்டா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியை உடன் படுப்பவரிடம் கேட்பதே நலம். பகல்நேரத் தூக்கக் கலக்கத்தை அளக்க ஆஸ்திரேலியாவில் உருவாகி 1991-இல் வெளியான எப்வொர்த் அளவுகோலில் எட்டுச் சூழல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, போக்குவரத்தில் சில நிமிடம் நின்றிருக்கும் காரில் கண்ணயர்வீர்களா என்பது. கொழுந்து லாரியின் பின்புறம் மட்டுமே ஏறியவரிடம் இதை எப்படிக் கேட்பது?

புலன்களுக்கு வருகிறேன். அதே பெரியவருக்கு ஆலை இரைச்சலில் காதும் மங்கியிருந்தது. கேட்காத கேள்விக்கெல்லாம் தலையாட்டினார். தலையாட்டலைப் பதிலாக எழுதாமல், முகத்துக்கு நேரே நின்று, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். முதியவரின் கண்ணாடியையும் காதுக் கருவியையும் அலமாரியில் பூட்டிவிட்டு, இரவில் பிதற்றுகிறார் என்று பதிவது நியாயமாகாது. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பதையும் விளக்க நினைத்தேன், மணி அடித்துவிட்டது.

ஆகவே வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத வழிவகுத்திருக்கிறது. மனுவைத் தமிழில் எழுதலாம் எனில், தன் உறக்கத்தையும் தமிழில் சொல்லலாம் அல்லவா? பீருமேடு, தேவிகுளம் வட்டங்களின் மருத்துவமனைகளில், செவிலியர் மதிப்பீட்டுத் தாளில் மலையாளத்துக்கு அருகே தமிழிலும் கேள்விகள் அச்சாக வேண்டும். பன்னிரண்டு கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். தூக்கம், மயக்கம் இரண்டுக்கும் எதிரே மலையாள விளக்கமும் உண்டு. வாயுள்ள பிள்ளைகள் அனைவரும் வாசலருகே உள்ள மேசையில் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, யாரும் எடுத்துச் சென்றுவிட வேண்டாம்.